டிரெய்லர் டயருக்கு டிபிஎம்எஸ் வாங்குகிறீர்களா? வால்விலிருந்து தொடங்குங்கள்

மேலூர் தாண்டி திருச்சி ரோடு, கொட்டாம்பட்டிக்கு இந்தப் பக்கம். இரவு பதினோரு மணி இருக்கும். பின்னால் வந்த லாரிக்காரர் ஹெட்லைட்டை அடித்து அடித்துக் காட்டினார். முந்திப் போக வழி கேட்கிறார் என்று நினைத்து ஒதுங்கினேன். பக்கத்தில் வந்தவர், "அண்ணே, பின்னாடி டயர் போச்சுண்ணே, டிஸ்க்குல ஓடுது!" என்று கத்திவிட்டுப் போனார். டிஸ்க் என்றால் டயரை மாட்டியிருக்கும் இரும்புச் சக்கரம்.

இறங்கிப் பார்த்தால் டிரெய்லரின் இடது பின் டயர் நார் நாராகக் கிழிந்து தொங்குகிறது. மட்கார்டு உள்பக்கமாக மடங்கிவிட்டது. எவ்வளவு தூரம் அப்படியே இழுத்துக்கொண்டு வந்தேன் என்று இன்றுவரை தெரியாது. ஸ்டீயரிங்கில் ஒரு ஆட்டம் இல்லை, ஒரு சத்தம் இல்லை.

கல்யாண வீட்டுச் சமையல் எடுத்துச் செய்பவன் நான். அடுப்பு, அண்டா, தண்ணீர் டாங்க், பாத்திரம் எல்லாம் ஏற்றிய நான்கு சக்கர டிரெய்லரைப் பொலேரோ பிக்கப்பின் பின்னால் மாட்டிக்கொண்டு மதுரையைச் சுற்றி ஓடுகிறேன். காருக்குப் பின்னால் படுக்கை வசதியுள்ள கேம்பிங் டிரெய்லரை இழுப்பவர்களுக்கும் இதே கதைதான். முன்னும் பின்னுமாக இரண்டு அச்சு இருந்தால் ஒரு டயரில் காற்று இறங்கும்போது அதன் பாரத்தைப் பக்கத்து டயர் வாங்கிக்கொள்ளும். வண்டி சாயாது, ஓட்டுபவருக்குத் தெரியாது. காற்று இறங்கிய டயர் மடங்கி மடங்கிச் சூடேறி வெடிக்கும். கூடுதல் பாரம் சுமந்த பக்கத்து டயருக்கும் அன்றைக்கே ஆயுள் பாதி.

அதற்குப் பிறகுதான் டிபிஎம்எஸ் பக்கம் போனேன். டயரின் காற்றழுத்தத்தைக் கவனித்து, குறைந்தால் எச்சரிக்கும் கருவி அது. சக்கரத்துக்குச் சக்கரம் ஒரு சென்சார், டேஷ்போர்டில் ஒரு சின்னத் திரை, நடுவில் வயர் கிடையாது. கடையில் எல்லோரும் திரையைத்தான் பார்க்கிறார்கள். கலரா, சோலாரா, எத்தனை இன்ச்? நானும் அப்படித்தான் முதல் கிட்டை வாங்கி ஏமாந்தேன். பார்க்க வேண்டியது வால்வை. அதற்குப் பிறகு சிக்னலை. திரை கடைசி.

உங்கள் டயரைத் தெரிந்துகொள்ளுங்கள்

கடைக்குப் போகும் முன் ஒரு தாளில் நான்கு விஷயங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். மொத்தம் எத்தனை சக்கரம், டியூப்பா டியூப்லெஸ்ஸா, வால்வு ரப்பரா பித்தளையா, பாரம் ஏற்றியபின் டயரில் எவ்வளவு காற்று இருக்க வேண்டும்.

கடைசிக் கேள்விக்குப் பலருக்குப் பதில் தெரியாது. "பஞ்சர் கடையில வழக்கமா அடிக்கிற அளவு" என்பார்கள். டயரின் பக்கவாட்டில் அச்சடித்திருக்கும் அழுத்தம், அந்த டயர் தாங்கும் அதிகபட்சப் பாரத்துக்கானது. உங்கள் டிரெய்லருக்கு எவ்வளவு வேண்டும் என்பது அதைச் செய்தவர் ஒட்டிய தகட்டில் இருக்கும். தகடு இல்லையென்றால் டயர் கம்பெனி தரும் பாரம்–அழுத்தப் பட்டியலைப் பார்க்க வேண்டும். அதற்கு முதலில் எடை தெரிய வேண்டும். தண்ணீர் டாங்க்கை நிரப்பி, சிலிண்டர்களை ஏற்றி, பயணத்துக்குப் போகிற மாதிரியே எடை மேடைக்குக் கொண்டுபோங்கள். பிக்கப்பைக் கழற்றாமல், டிரெய்லர் சக்கரங்கள் மட்டும் மேடையில் நிற்கும்படி ஒரு எடை போடுங்கள். டயர்கள் சுமப்பது அந்த எடையைத்தான். ஐந்நூறு லிட்டர் தண்ணீர் என்றால் அரை டன். வீட்டில் உட்கார்ந்து கணக்குப் போடும்போது இது மறந்துபோகும்.

என்னுடையது 185 ஆர் 14 அளவு டயர், எட்டு பிளை ரேட்டிங் (பாரம் தாங்கும் வலிமையைக் குறிக்கும் எண்). பட்டியலைப் பார்த்து 55 பிஎஸ்ஐ என்று முடிவு செய்தேன். 55 பாயின்ட் என்று சொன்னால்தான் பஞ்சர் கடையில் புரியும். கீழே வருகிற கணக்கெல்லாம் இந்த 55-ஐ வைத்துத்தான். உங்கள் எண்ணை அந்த இடத்தில் போட்டுக்கொள்ளுங்கள்.

உள்ளே வைப்பதா, வெளியே மாட்டுவதா?

உள் சென்சார் டயருக்குள், வால்வின் அடியில் உட்காரும். திருட முடியாது, கல் அடிக்காது, டயருக்குள் இருக்கும் காற்றின் சூட்டையே அளக்கும். ஆனால் மாட்டுவதற்கும் பேட்டரி தீர்ந்தால் மாற்றுவதற்கும் டயரை டிஸ்க்கிலிருந்து கழற்ற வேண்டும். பெரும்பாலான சென்சார்களில் பேட்டரியைத் தனியாக மாற்றவும் முடியாது, சென்சாரையே மாற்ற வேண்டும். டியூப் டயருக்கு இது ஒத்தே வராது.

வெளி சென்சார் வால்வு மூடிக்குப் பதிலாகத் திருகுவது. ஐந்து நிமிட வேலை. பேட்டரி பொத்தான் அளவு, பெரும்பாலும் சிஆர் 1632, நாமே மாற்றலாம். டியூப், டியூப்லெஸ் இரண்டுக்கும் ஆகும். டிரெய்லருக்கு நான் சொல்வது இதைத்தான். காற்று அடிக்க ஒவ்வொரு முறையும் சென்சாரைக் கழற்ற வேண்டும் என்ற தொல்லை உண்டு. கழற்றாமலே காற்று அடிக்க, பக்கத்தில் தனி வாய் வைத்த சென்சார்களும் இருக்கின்றன. ஆனால் அவை கனமானவை. அந்தக் கனம்தான் அடுத்த பிரச்சினை.

வாங்கும்போது சென்சார் எவ்வளவு அழுத்தம்வரை அளக்கும் என்று பாருங்கள். காருக்கென்று செய்த சில கிட்டுகளின் உச்ச அளவு, டிரெய்லர் டயர் சூடேறினால் தொட்டுவிடும் தூரத்தில் இருக்கும். உங்கள் குளிர்ந்த அழுத்தத்தைப் போல (வண்டி ஓடும் முன் அளப்பது) ஒன்றரை மடங்காவது அளக்கக்கூடியதாகப் பார்த்து எடுங்கள்.

வால்வு

சென்சார் 15 கிராம் என்று வைத்துக்கொள்வோம். கையில் வைத்தால் இருப்பதே தெரியாது. ஆனால் 14 இன்ச் டிஸ்க்கின் வால்வு முனையில் மாட்டி 80 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது, சக்கரம் சுற்றுகிற வேகத்தில் அந்த 15 கிராம் வெளிப்பக்கமாக ஒரு கிலோவுக்கு மேல் எடையுள்ள கல்லைக் கட்டித் தொங்கவிட்டது போல வால்வை இழுக்கும். ரப்பர் வால்வு வளையும். நின்றால் நிமிரும், ஓடினால் வளையும். மதுரையிலிருந்து சென்னை போய் வந்தாலே எத்தனை முறை வளையும்! வால்வு டிஸ்க்குக்குள் நுழைகிற கழுத்தில், கண்ணுக்குத் தெரியாத இடத்தில் விரிசல் விடும். காற்று இறங்குவதைச் சொல்ல வாங்கிய கருவியே காற்றை இறக்கிவிடும்.

என் முதல் கிட்டில் நடந்தது இதுதான். இரண்டு மாதம் நன்றாக ஓடியது. பிறகு ஒரு டயரில் மட்டும் தினமும் மூன்று நான்கு பாயின்ட் குறைந்தது. பஞ்சர் கடைத் தம்பி ஆணியைத் தேடினார், கிடைக்கவில்லை. சென்சாரைக் கழற்றி, விரலில் எச்சில் தொட்டு வால்வு வாயில் வைத்துப் பார்த்தார். குமிழ் வரவில்லை. அப்புறம் வால்வைக் கட்டை விரலால் ஒரு பக்கமாகச் சாய்த்துப் பிடித்து, அடிக்கழுத்தில் சோப்புத் தண்ணீரை ஊற்றினார். நுரை பொங்கி வந்தது. "இந்த எடைக்கு இந்த ரப்பர் தாங்காதுண்ணே, பித்தளை போடுங்க."

சாதாரண ரப்பர் வால்வு 65 பிஎஸ்ஐ வரைக்கும்தான். அதற்கு மேல் அழுத்தம் வைக்கும் டயருக்கு சென்சார் இருந்தாலும் இல்லாவிட்டாலும் உலோக வால்வு வேண்டும். நட்டுப் போட்டு இறுக்கும் குட்டையான பித்தளை வால்வு டியூப்லெஸ் டிஸ்க்குக்குக் கிடைக்கும். டிஸ்க் ஓட்டையின் அளவைக் காட்டி வாங்குங்கள். வால்வு நீளமாக நீட்டிக்கொண்டு இருக்கக் கூடாது, சென்சார் டிஸ்க்கின் விளிம்புக்கு வெளியே தலைகாட்டக் கூடாது. கிராமத்துச் சந்தில் திரும்பும்போது திண்ணை ஓரத்தில் உரசி இரண்டு சென்சார்கள் போனதை வைத்துச் சொல்கிறேன்.

அலுமினிய வால்வு பார்க்க அழகாக இருக்கும். வேண்டாம். சென்சாருக்குள் இருக்கும் திருகு பெரும்பாலும் பித்தளை. அலுமினியமும் பித்தளையும் ஈரத்தில் சேர்ந்தால் அரித்து ஒன்றோடொன்று பிடித்துக்கொள்ளும். ராமேஸ்வரம், மண்டபம் பக்கம் அடிக்கடி போகிறவர்களுக்கு இது சீக்கிரமே நடக்கும். கழற்றப் போனால் வால்வே முறிந்து வரும்.

இன்னொரு விஷயமும் இருக்கிறது. வால்வுக்குள் 'பின்' என்ற சின்ன ஊசி இருக்கிறது, அதுதான் காற்றை அடைத்து வைத்திருக்கிறது. வெளி சென்சாரைத் திருகியதும் அது பின்னை அழுத்தித் திறந்துவிடும், அப்போதுதான் அழுத்தத்தை அளக்க முடியும். அதற்குப் பிறகு காற்றைப் பிடித்து வைத்திருப்பது சென்சாருக்குள் இருக்கும் ஒரு சின்ன ரப்பர் வாஷர் மட்டும்தான். அதனால் மாட்டியவுடன் சோப்புத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். மாற்று வாஷரும் சாதாரண வால்வு மூடி நான்கும் டூல்ஸ் பெட்டியில் இருக்கட்டும்.

சிக்னல் கேபினுக்கு வருகிறதா?

இந்த சென்சார்கள் பெரும்பாலும் 433 மெகாஹெர்ட்ஸில் பேசுகின்றன. சக்தி மிகக் குறைவு, ஒரு பொத்தான் பேட்டரி வருடக்கணக்கில் ஓட வேண்டுமல்லவா? அட்டைப்பெட்டியில் போட்டிருக்கும் தூரம் வெட்டவெளியில் அளந்தது. டிரெய்லரின் பின் சக்கரத்துக்கும் டேஷ்போர்டுக்கும் நடுவில் இரும்புச் சட்டம், துருப்பிடிக்காத எஃகுத் தகடு, தண்ணீர் டாங்க், பிக்கப்பின் பின்சுவர் எல்லாம் நிற்கின்றன. இவை போதாதென்று என் வண்டியில் எட்டு அண்டா.

அதனால் டிரெய்லருக்கு ரிப்பீட்டர் என்ற பெட்டியோடு வரும் கிட்டை வாங்குங்கள். அது டிரெய்லரின் முன்பக்கத்தில் உட்கார்ந்து, சென்சார் சொல்வதைக் கேட்டு, உரக்கத் திருப்பிச் சொல்லும். 12 வோல்ட் வேண்டும். இங்கே ஒரு தப்பு செய்தேன். டிரெய்லர் விளக்குப் பிளக்கில் வரும் பார்க்கிங் லைட் வயரில் அதைச் சேர்த்துவிட்டேன். இரவில் எல்லாம் சரியாக இருந்தது, பகலில் விளக்கை அணைத்ததும் பின் இரண்டு சக்கரமும் திரையிலிருந்து காணாமல் போயின. இக்னிஷன் போட்டால் எப்போதும் மின்சாரம் வரும் வயரில், தனி ஃபியூஸ் வைத்து இணைக்க வேண்டும். டிரெய்லரில் தனி பேட்டரி இருந்தால் அதிலிருந்தே எடுக்கலாம்.

வாங்கிய அன்றே சோதித்துவிடுங்கள். வண்டியையும் டிரெய்லரையும் மாட்டி, பொருளெல்லாம் ஏற்றி நிறுத்துங்கள். நீங்கள் கேபினில் உட்காருங்கள். உதவிக்கு ஒருவர் கடைசிச் சக்கரத்தின் சென்சாரைக் கழற்றட்டும். கழற்றியதும் சென்சாருக்கு அழுத்தம் பூஜ்யமாகத் தெரியும். வால்வு பின் மூடிக்கொள்வதால் டயரில் காற்று போகாது. எங்கள் வீட்டு வாசலில் நடந்தது இப்படி:

"அண்ணே, கழட்டிட்டேன். கத்துதா?"

"இல்லடா."

"இப்ப?"

"ம்ஹூம்."

ரிப்பீட்டரை ஒரு முழம் நகர்த்தி, தகட்டுக்கு வெளிப்பக்கம் கட்டியபிறகு நான்கு நொடியில் கத்தியது. பத்து நொடிக்குள் வராவிட்டால் இடத்தை மாற்றுங்கள். டிரெய்லரை ஒடித்துத் திருப்பி நிறுத்தியும் ஒரு முறை பார்த்துவிடுங்கள்.

சிக்னல் அறுந்துபோனால் திரை என்ன செய்கிறது என்பதையும் இப்போதே பாருங்கள். சில திரைகள் கடைசியாக வந்த எண்ணையே காட்டிக்கொண்டிருக்கும். சென்சார் செத்து ஒரு மணி நேரம் ஆகியிருக்கும், திரையில் 55 என்று நிம்மதியாக இருக்கும். அது கருவியே இல்லாததைவிட மோசம். சிக்னல் இல்லையென்றால் கோடு போட்டோ ஒலி எழுப்பியோ சொல்லும் திரையாக இருக்க வேண்டும்.

போன் ப்ளூடூத்தில் ஓடும் கிட்டுகள் காருக்குச் சரி. டிரெய்லர் தூரத்துக்கு நம்ப முடியாது. கல்யாண வீட்டுக்காரர் போனில் பேசிக்கொண்டிருக்கும்போது அலாரம் எங்கே கேட்கும்?

திரை

இதில் நீட்டி எழுத ஒன்றும் இல்லை. சித்திரை வெயிலில் கண்ணாடிக்குப் பின்னால் வைத்தாலும் எண் தெரிய வேண்டும். என்ஜின் சத்தம், ஜன்னல் காற்று, பாட்டு எல்லாவற்றையும் தாண்டி அலாரம் கேட்க வேண்டும். இழுக்கும் வண்டிக்கு நான்கு, டிரெய்லருக்கு நான்கு, ஸ்டெப்னி இரண்டு என்று பத்து சக்கரம் ஏற்றுக்கொள்வதாக இருந்தால் நல்லது. டிரெய்லரைக் கழற்றி வைத்துவிட்டு வண்டியை மட்டும் ஓட்டும் நாட்களில் அந்தச் சக்கரங்களைத் தனியாக அணைக்க வழி இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லாவிட்டால் நாள் முழுக்கக் கத்தும், கடுப்பில் திரையைப் பிடுங்கி டேஷ்போர்டுக்குள் போட்டுவிடுவீர்கள்.

அலாரம் அளவை நீங்களே வையுங்கள்

கம்பெனி வைத்து அனுப்பும் அளவு பெரும்பாலும் காருக்கானது. அமெரிக்காவில் 2007 செப்டம்பரிலிருந்து தயாரான புதிய கார்களில் இந்தக் கருவி கட்டாயம். அழுத்தம் 25 சதவீதம் குறைந்தால் எச்சரிக்க வேண்டும் என்பது அங்கே சட்டம். டிரெய்லர்கள் அந்தச் சட்டத்துக்குள் வராது. நம் நாட்டில் 2020-இல் வந்த விதித் திருத்தத்தின்படி, மூன்றரை டன்னுக்கு உட்பட்ட வாகனத்தில் டியூப்லெஸ் டயரும் பஞ்சர் ஒட்டும் கிட்டும் இந்தக் கருவியும் இருந்தால் ஸ்டெப்னி வைக்கத் தேவையில்லை. அதைப் படித்துவிட்டு டிரெய்லரின் ஸ்டெப்னியைக் கழற்றிவிடாதீர்கள்.

பாரம் சுமக்கும் டயருக்கு 25 சதவீதம் ரொம்பத் தாமதம். 55-இல் 25 சதவீதம் போனால் 41. அந்த நிலையில் டயரின் பக்கவாட்டு ஏற்கெனவே மடங்கி வெந்துகொண்டிருக்கும். நான் 48-இல் வைத்திருக்கிறேன், அதாவது 13 சதவீதம் போலத்தான் விட்டுக்கொடுத்திருக்கிறேன்.

மேல் அளவுக்கும் ஒரு கணக்கு உண்டு. வெயில் ஏறும் முன், வண்டி ஓடாமல் இரவு முழுக்க நின்றபிறகு அளப்பதுதான் குளிர்ந்த அழுத்தம். காலை 28 டிகிரியில் 55 வைத்தேன். மே மாத மதியத்தில் கப்பலூர் தாண்டும்போது டயருக்குள் 60 டிகிரி ஆகிவிட்டது என்றால் அழுத்தம் ஏழு பாயின்ட் போல ஏறி 62 காட்டும். அது இயல்பு. அதைப் பார்த்துப் பயந்து காற்றைப் பிடுங்கிவிடக் கூடாது. மறுநாள் காலையில் குறைந்த காற்றோடு கிளம்புவீர்கள். மேல் அலாரத்தைக் குளிர்ந்த அழுத்தத்துக்கு மேல் 25 சதவீதம் தள்ளி வையுங்கள். எனக்கு 69.

கொடைக்கானல் போகிறவர்களுக்கு ஒரு குறிப்பு. விடிகாலையில் அங்கே பத்து டிகிரி என்றால், மதுரையில் வைத்த 55 அங்கே 51 ஆகக் காட்டும். 48-இல் வைத்த அலாரம் கத்தாது, தப்பித்தோம். ஆனால் அதே டயரைக் கை கேஜில் அளந்தால் 54 போல வரலாம். எது பொய் என்று குழம்ப வேண்டாம். இரண்டாயிரம் மீட்டருக்கு மேல் வெளிக்காற்றின் அழுத்தம் மூன்று பிஎஸ்ஐ போலக் குறைந்துவிடுகிறது. கை கேஜ் அதைக் கணக்கில் எடுக்கும். பல சென்சார்கள் கடல் மட்டத்தையே நினைத்துக்கொண்டு கழித்துச் சொல்லும்.

சூட்டைப் பொறுத்தவரை அலாரம் எண்ணைவிட நான்கு சக்கரத்தையும் ஒப்பிட்டுப் பார்ப்பதுதான் உதவும். வெயில் படும் பக்கம் சில டிகிரி கூடுதலாக இருக்கும், அது பரவாயில்லை. ஒரே பக்கத்தில் உள்ள இரண்டில் ஒன்று மட்டும் பத்துப் பதினைந்து டிகிரி ஏறி நின்றால் பேரிங்கில் கிரீஸ் வற்றியிருக்கும், அல்லது பிரேக் பிடித்தபடி இருக்கும். நிறுத்தி, சக்கரத்தின் நடுவில் இருக்கும் ஹப் அருகே புறங்கையை வைத்துப் பாருங்கள். தொடாதீர்கள், பக்கத்தில் வைத்தாலே தெரியும்.

மாட்டியபிறகு

எந்த சென்சார் எந்தச் சக்கரம் என்று பெயிண்டால் எண் எழுதுங்கள். பஞ்சர் கடையில் நான்கையும் கழற்றி ஒரே டப்பாவில் போட்டுவிடுவார்கள். மாற்றி மாட்டினால் வலது டயரில் காற்று இறங்க, திரை இடதைக் காட்டும். திருட்டைத் தடுக்கும் பூட்டு நட்டு தேவையா என்று கேட்பவர்கள் உண்டு. நான் போட்டுப் பார்த்துக் கழற்றிவிட்டேன். அவசரத்துக்கு நடுரோட்டில் அந்தச் சாவியைத் தேடுவது பெரும்பாடு.

ஓடும்போது அலாரம் வந்தால் பிரேக்கை ஓங்கி மிதிக்காதீர்கள். ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்து, நேராகப் பிடித்து, மெதுவாக ஓரம் கட்டுங்கள். எண் ஒன்று இரண்டாக இறங்கினால் அடுத்த பங்க் வரைக்கும் மெல்லப் போகலாம். நொடிக்கு நொடி இறங்கினால் அந்த இடத்திலேயே நிறுத்துங்கள்.

டயரின் வயதை இந்தக் கருவி சொல்லாது. பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். 2319 என்றால் 2019-இன் 23-ஆவது வாரம் செய்தது. டிரெய்லர் டயரின் பட்டன் (ரோட்டில் படும் மேல்பகுதி) தேய்வதற்குள் வெயிலில் நின்றே வெடிப்பு விட்டுவிடும். முகூர்த்தம் இல்லாத மாதங்களில் ஒரே இடத்தில் நிற்கும் வண்டி இல்லையா?

ஸ்டெப்னிக்கும் ஒரு சென்சார் போடுங்கள். வண்டி நிற்கும்போது சென்சார் தூங்கிவிடும், சுற்றாத ஸ்டெப்னியில் அது எப்போதாவது விழித்துச் சொல்லுமா என்று கேட்டு வாங்குங்கள். அன்று இரவு ரோட்டோரத்தில் ஜாக்கி வைத்து, கிழிந்த டயரைக் கழற்றி, ஸ்டெப்னியை இறக்கி கேஜ் வைத்தால் இருபது பாயின்ட்தான் இருந்தது. கடைசியில் டீ குடிக்க நின்ற இன்னொரு லாரியின் ஏர் டாங்கிலிருந்து குழாய் இழுத்துத்தான் காற்று பிடித்தோம்.